சின்சில்லா முயலின் கண்ணில் நீர் வடிந்தால்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் கம்பிக் கூண்டுகளில் சோவியத் சின்சில்லா முயல்கள் வளர்க்கிறேன். ஒரு பெண் முயலுக்கு வலது கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்து, கீழே முடி கொட்டிவிட்டது. மழை தொடங்கிய பிறகு வேறு சில முயல்களுக்கு இரண்டு கண்களும் சிவந்துள்ளன. வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தை விடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், புல் குத்திக் கருவிழியில் ஏற்பட்ட சிறு புண்கூட ஆழமாகிப் பார்வை பறிபோகலாம். புண் உண்டா இல்லையா என்பதைக் கால்நடை மருத்துவர் சாயச் சொட்டு விட்டு உடனே சொல்லிவிடுவார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கொட்டகையில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

முதலில், இரண்டு கண்களும் சிவந்த முயல்கள். சாரலுக்குப் பயந்து படுதாவை முழுக்க இறக்கிவிட்டிருப்பீர்கள். கூண்டுக்கடியில் தேங்கும் சிறுநீரிலிருந்து அம்மோனியா கிளம்பி உள்ளேயே நிற்கும். விடியற்காலையில் படுதாவைத் தூக்கும் முன் கூண்டு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், முயல்கள் இரவெல்லாம் அதில்தான் கிடந்திருக்கின்றன. புழுக்கையையும் சிறுநீரையும் தினமும் அகற்றுங்கள்; படுதாவின் மேல்பகுதியைத் திறந்தே வையுங்கள். தும்மலும் இருந்து, முன்னங்கால்களின் உட்புற முடி சளியால் ஒட்டியிருந்தால் அது பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அந்த முயலை உடனே தனியே பிரித்துவிடுங்கள்.

ஒற்றைக் கண் விஷயம் வேறு. அதற்கு வாயைப் பார்க்க வேண்டும். முயலின் கண்ணீர், கீழிமையில் உள்ள ஒரே துளை வழியாக இறங்கி, மேல் முன்பல்லின் வேரை ஒட்டிச் செல்லும் மெல்லிய குழாயில் மூக்குக்குப் போகிறது. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. முன்பல் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல் வளரும். தேய்மானம் குறைந்தால் வேர் மேல்நோக்கி அழுத்திக் குழாயை அடைத்துவிடும். தீவனத்தை வாயிலிருந்து நழுவவிடுகிறதா, தாடை நனைந்திருக்கிறதா, புல்லை ஒதுக்குகிறதா என்று கவனியுங்கள். நகவெட்டியால் பல்லை வெட்டினால் பல் நீளவாக்கில் பிளந்துவிடும். பல்லைச் சீராக்குவதும் குழாயைக் கழுவிவிடுவதும் மருத்துவர் வேலை. குச்சித் தீவனத்தை (பெல்லட்) குறைத்து, கினியா புல்லும் தூசி உதறிய உலர்புல்லும் தாராளமாகக் கொடுங்கள். மற்ற முயல்களுக்கும் இதுவே நல்லது.

அதுவரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, பஞ்சில் நனைத்துப் பீளையைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு வேண்டும். மஞ்சள்தூள், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் வேண்டாம்.

கண்ணைத் திறக்காமல் இருந்தாலோ, கருவிழி வெளுத்தாலோ, கண் பிதுங்கினாலோ, அரை நாள் தீவனம் எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆடு, மாட்டுக்கு வாங்கி வைத்த ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் புகட்டிவிடாதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவை வாய்வழி போனால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு முயலே இறந்துவிடும்.

அந்தப் பெண் முயலுக்குப் பல்வரிசை பிசகியிருப்பது உறுதியானால், அதை இனி இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். இந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கக்கூடியது.