ஸ்டெபிலைசரை மேலே ஏற்றியபின் ஸ்டியரிங் முழுசா ஒடியலையா?

நண்பரே, 3 இஞ்ச் உயரம் கூட்டும் லிஃப்ட் போட்ட உங்க ஜீப் ராங்லர் ஜேகே, ஸ்டெபிலைசரை (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) டை ராடுக்கு (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) மேலே மாற்றியதிலிருந்து இடப்பக்கம் முழுசா ஒடிய மாட்டேங்குது என்கிறீர்கள். மேலே ஏற்றப் போட்ட பிராக்கெட்டைத் திட்டாதீங்க, ஸ்டெபிலைசரை டை ராடில் பிடிக்கும் கிளாம்ப் இடம் தப்பியிருக்கும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்க. சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டெபிலைசரின் பளபளக்கும் தண்டு பாதிதான் வெளியே தெரியணும். இல்லையென்றால் கிளாம்ப்பின் யூ போல்ட்டைத் தளர்த்தி, அதை டை ராடில் நகர்த்தி முடுக்குங்க. அப்புறம் இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்க. நாக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) உள்ள ஸ்டாப்பர்தான் தடுக்கணும், ஸ்டெபிலைசர் இல்லை. ஸ்டெபிலைசர் கேஸ் நிரப்பிய வகை என்றால் ஸ்டியரிங்கை லேசாக ஒரு பக்கம் தள்ளும், அது அதன் குணம்.

வேகத்தில் உதறுவதாகச் சொன்னீங்களே, அதற்கு ஸ்டெபிலைசர் மருந்தே இல்லை, மூடி மறைக்கத்தான் செய்யும். முதலில் டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டுகளைப் பாருங்க.