ஈஸ்டில் படியெடுத்தல் காரணியின் (மரபணுவை இயக்கும் புரதத்தின்) அளவை இரட்டித்தால் மரபணு வெளிப்பாடும் இரட்டிக்குமா?

பெரும்பாலும் இரட்டிக்காது. உறவு நேர்கோடு அல்ல. பொதுவாக எஸ் வடிவ வளைவு. தாழ்நிலையில் மந்தம், நடுவில் செங்குத்து, பிறகு தட்டை.

கேலக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களை இயக்கும் கேல்4 என்ற காரணி நல்ல உதாரணம். அது இரண்டிரண்டாக இணைந்தே டிஎன்ஏ-வில் அமரும். கேல்1, கேல்10 மரபணுக்களுக்கு இடையே அதற்கு நான்கு தளங்கள். அவை நிரம்பியபின் கூடுதல் கேல்4-க்கு அங்கே வேலையில்லை. கேல்80 என்ற புரதம் கேல்4-இன் செயலை அடக்கி வைக்கும். கேலக்டோஸ் வந்ததும் கேல்3 என்ற மற்றொரு புரதம் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஆகவே கேல்4-ஐ மட்டும் ஏற்றினால் கேல்80 போதாமல் போய், கேலக்டோஸ் இல்லாமலே மரபணு இயங்கத் தொடங்கும். மேலும் ஏற்றினால் படியெடுக்கும் பொதுப் புரதங்களை அது அபகரித்துக்கொள்ளும். சம்பந்தமில்லாத மரபணுக்கள் குன்றி, வளர்ச்சி தளரும்.

மொத்த அளவும் ஏமாற்றும். பாஸ்பேட் நிறைந்த ஊடகத்தில் பாஸ்பேட் ஏற்றப்பட்ட ஃபோ4 என்ற மற்றொரு காரணி உட்கருவிலிருந்து வெளியேற்றப்படுகிறது. செல்லில் எவ்வளவு இருந்தென்ன, உட்கருவில் இருப்பதுதான் கணக்கு.

சோதிக்கும்போது, காரணியின் மரபணுவைச் செல்லுக்குள் ஏற்ற 2 மைக்ரான் வகைப் பிளாஸ்மிடைத் (வட்ட டிஎன்ஏ-வை) தவிருங்கள். அதன் நகல்களின் எண்ணிக்கை செல்லுக்குச் செல் மாறும். செல்லுக்கு ஓரிரு நகல்களே இருக்கும் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடோ குரோமோசோமில் செருகுவதோ மேல். கேலக்டோஸ் தூண்டலுக்கு முதலில் 2% ராஃபினோஸில் (தூண்டவும் ஒடுக்கவும் செய்யாத சர்க்கரையில்) வளர்த்து, பிறகு 2% கேலக்டோஸ் சேர்க்கவும். குளுக்கோஸ் மிச்சமிருந்தால் மிக்1 என்ற அடக்கும் புரதத்தின் ஒடுக்கம் தொடரும், தூண்டல் தாமதமாகும்.

மரபணு வெளிப்பாட்டைக் காட்டும் ஒளிரும் புரதத்தை ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செல் செல்லாக அளப்பது அவசியம். இடைநிலைத் தூண்டலில் பாதிச் செல்கள் முழுதாக ஒளிர்ந்து, பாதி அணைந்திருக்கலாம். சராசரி மட்டும் பார்த்தால் எல்லாமே அரைகுறையாக இயங்குவதாகத் தோன்றும்.