வலி நின்றுவிட்டது, இனி ரூட் கேனல் எதற்கு?

கேள்வி: ராத்திரி தூங்கவிடாமல் படுத்திய கடைவாய்ப் பல் வலி, மாத்திரை போட்டதும் சுத்தமாக நின்றுவிட்டது. டாக்டரோ, பல்லைக் குடைந்து வேருக்குள் சுத்தம்செய்து அடைக்கிற ரூட் கேனல் செய்தே ஆகவேண்டும் என்கிறார். காசு பிடுங்கும் வேலையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாதிரி வலி சட்டென்று அடங்கினால்தான் யோசிக்கவேண்டும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜில்லென்று ஜிகர்தண்டா குடிக்கும்போது பல் சுருக்கென்று கூசி, விழுங்கியதும் விட்டுவிட்டால் நரம்பு பிழைத்திருக்கிறது. பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். குடித்து முடித்தும் நிமிடக்கணக்கில் தெறித்தால், படுத்தால் கூடினால், பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயுமாக இருக்கிற கூழ் கெட்டுவிட்டது. அது முழுக்கச் செத்தபின் வலி தெரியாது. கிருமி மட்டும் வேர்நுனி வழியாக எலும்புக்கு இறங்கும். உங்கள் எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்பாக நிழல் தெரிகிறதா என்று டாக்டரிடமே காட்டச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதான் போகும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அப்புறம் எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் வடியும், மூலம் அப்படியே இருக்கும்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் வலியே இல்லை, வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது. உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, ஃபைல் என்கிற ஊசி மாதிரி மெல்லிய அரத்தை வேருக்குள் விட்டதும் பக்கத்து மெஷின் பீப் அடித்தது. வேர்நுனியை எட்டிவிட்டதற்கு அடையாளமாம். நடுநடுவே பிளீச்சிங் வாடை, துணி வெளுக்கிற சோடியம் ஹைப்போகுளோரைட்டை விட்டுத்தான் கழுவுகிறார்கள். கடைசியில் கட்டாபெர்ச்சா என்கிற இளஞ்சிவப்புக் குச்சிகளை இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சூடான கருவியால் நறுக்கினார் டாக்டரம்மா.

பிடுங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் அப்பத்தா, மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்பார். அது வெறும் பயம். பல் வேர்வரை பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் சரி. மற்றபடி அந்த இடம் காலியாகக் கிடந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். எலும்பில் திருகி வைக்கிற செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கப் போனால் செலவு இன்னும் எகிறும்.

டாக்டரிடம் பேசும்போதே கேப்புக்கும், அதாவது பல்லுக்கு மேலே மாட்டுகிற உறைக்கும், சேர்த்து ரேட் கேளுங்கள். வலி போனதும் பலர் கேப் போடாமல் நழுவிவிடுகிறார்கள். குடைந்து அடைத்த கடைவாய்ப் பல் அது. நல்லி எலும்பைக் கடிக்கிற ஊரில் கேப் இல்லாமல் ரொம்ப நாள் தாங்காது, உடைந்தால் பிடுங்கத்தான் வேண்டும். கையில் காசு கம்மி என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பயிற்சி மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும், நேரம்தான் இழுக்கும்.

சர்க்கரை இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.