ஆடவிட்டதால் வந்த ஆட்டமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. அடக்கமாக இருப்பாள் என்று ரெண்டு வருடமாகப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்புகிறேன். இப்போது எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்கிறாள். “ஆடவிட்டதால்தான் இந்த ஆட்டம்” என்கிறார் மாமியார். பத்தாம் வகுப்பு வேறு வருகிறது, நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், செல்லூர், மதுரை.

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. அடக்கம் வரும் என்று சேர்த்தீர்களே, அதுதான் தப்புக் கணக்கு. முதுகை நிமிர்த்து, சபையை நேராகப் பார் என்று சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போய்வருகிற பிள்ளை வீட்டில் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? தவிர, ‘ஏன்’ என்பது அந்த வயதின் வேலை. நாட்டியமே தெரியாத வீடுகளிலும் கதவு படாரென்று சாத்தப்படுகிறது.

ஒருநாள் வகுப்பு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், முட்டி ரெண்டும் பக்கவாட்டில் விரிய, காலால் தரையைத் தட்டுகிற தட்டடவு மூன்றாம் காலம் என்கிற வேகமான கட்டத்துக்கு வரும்போது தொடை நடுங்கும். அந்த நேரம் பார்த்து டீச்சர் தாளம் போடுகிற தட்டுக்கழி நின்றுவிடும். “முட்டி உள்ளே வருது, மறுபடி முதல்லேருந்து.” பத்துப் பேர் முன்னால் தப்பைச் சொன்ன பிறகும் முறைக்காமல் மறுபடி அரைமண்டியில் உட்காருகிறாளே, அதுதான் அவள் அங்கே படிக்கிற பாடம். வீட்டில் ஏன் முறைக்கிறாள்? டீச்சர் முட்டியைச் சொல்கிறார், நாம் “உனக்கு எப்பவும் திமிர்” என்கிறோம். வித்தியாசம் அங்கேதான்.

மாமியாரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்துக்குக் கூட்டிப்போங்கள். தில்லையில் இடது காலைத் தூக்கிய நடராஜர் இங்கே வலது காலைத் தூக்கியிருப்பார். 64 கலைகளில் நாட்டியம் மட்டும் பாக்கி என்று கற்க இறங்கிய ராஜசேகர பாண்டியனுக்கு உடம்பெல்லாம் வலி எடுத்ததாம், அப்போதுதான் ஒரே காலில் ஆடிக்கொண்டே இருக்கிறவருக்கு எப்படி வலிக்கும் என்று உறைத்து, கால் மாறி ஆடச் சொல்லிக் கெஞ்சினான் என்பது திருவிளையாடல் கதை. ஆடிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரிந்தது. (பாட்டியின் முட்டிவலியும் பேத்திக்கு இப்போது கொஞ்சம் புரியும், கேட்டுப்பாருங்கள்.)

எல்லா வகுப்பும் இப்படி இருக்காது என்பதும் நிஜம். உடம்பையும் நிறத்தையும் சொல்லிக் கேலி செய்கிற இடமென்றால் நாளைக்கே வேறு வகுப்பு பாருங்கள்.

பத்தாம் வகுப்பில் வாரம் ஒரு நாள் போதும். பரீட்சை முடியும்வரை அரங்கேற்றப் பேச்சே வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், பெரிய செலவும் தள்ளிப்போகும். எந்த நாள் என்பதை மட்டும் அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். “ஏன் ஒரே நாள்?” என்பாள். கோபப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.