நாணயக் கேள்வி பதில்: ஸ்காட்லாந்தின் சுத்தியல் காசுகள்

கேள்வி: இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு வெளியிட்டது என்று ஒரு வெள்ளிப் பென்னி கிடைத்தது. ஆனால் ராஜா பக்கவாட்டில் பார்க்கிறார். இது யாருடைய காசு?

பதில்: எட்வர்டின் பென்னியில் முகம் நேராக இருக்கும், பின்பக்கச் சிலுவையின் நான்கு இடைவெளிகளிலும் மும்மூன்று புள்ளிகள். தலை இடப்பக்கம் திரும்பி, எதிரே செங்கோலும், பின்பக்கச் சிலுவையின் இடைவெளிகளில் நட்சத்திரங்களும் இருந்தால் அது ஸ்காட்லாந்துக் காசு. அடுத்து எழுத்தைப் படியுங்கள். ‘அலெக்ஸாண்டர் டெய் கிரா’ என்றால் மூன்றாம் அலெக்சாண்டர், 1280 வாக்கில் தொடங்கிய வரிசை. ‘இயோஹான்னெஸ்’ என்றால் ஜான் பேலியல் (1292–96). ‘ராபர்ட்டஸ்’ என்றதும் ராபர்ட் புரூஸ் என்று துள்ளிவிடாதீர்கள். பின்பக்கம் எடின்பரோ, பெர்த் என ஊர்ப்பெயர் இருந்தால் அது அவருடைய பேரன் இரண்டாம் ராபர்ட். புரூஸின் பென்னி அரிது.

இந்த அலெக்சாண்டர் பென்னியில் ஊர்ப்பெயர் கிடையாது. லென்ஸ் வைத்து நான்கு நட்சத்திரங்களின் முனைகளையும் கூட்டுங்கள். 24 வந்தால் பெர்விக் ஊரின் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) என்பது வழக்கமான கணிப்பு. அது ஆய்வாளர்களின் ஊகமே. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

கேள்வி: எடை 1.1 கிராம்தான். சில எழுத்துகள் மங்கல், சில இரட்டை. போலியா?

பதில்: அடித்த புதிதில் சுமார் 1.4 கிராம் இருந்திருக்கும். சிலுவையின் நுனிகள் அறுபட்டு, எழுத்துகளும் வெட்டுண்டிருந்தால் ஓரத்து வெள்ளியை அந்தக் காலத்திலேயே யாரோ கத்தரித்துக்கொண்டார்கள் என்று பொருள். மங்கலுக்குக் காரணம் வேறு. கீழ் அச்சு மரக்கட்டையில் பதிந்திருக்கும். மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அச்சு சாய்ந்தால் ஒரு பக்கம் பதியாது. இரண்டாவது அடிக்கு முன் நகர்ந்தால் எழுத்து இரட்டையாகும். இதெல்லாம் அசலுக்கு நல்ல சாட்சி.

அஞ்ச வேண்டியது வார்ப்புப் போலிக்கு. எழுத்தோரம் மழுங்கியிருக்கும், தளத்தில் நுண்குழிகள் தெரியும், சிலவற்றில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் உண்டு. ஒரே விரிசல், ஒரே வெட்டு, ஒரே மங்கலோடு இரண்டு காசுகள் கண்ணில் பட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வளைந்த காசை நிமிர்த்தலாமா?

பதில்: கூடாது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கக்கூடும். கைவிரல் அழுத்தத்திலேயே இரண்டாகிவிடலாம். பாலிஷும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் போதும்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் வயலில் கண்டெடுத்தால் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. அங்கே இப்படிப்பட்ட பழம்பொருள் அரசுக்கே உரியது; ஒற்றைக் காசானாலும் புதையல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் கண்டெடுத்தவருக்குச் சன்மானம் கிடைக்கலாம். வேண்டாம் என்றால் காசு உங்களிடமே திரும்பும்.