வீட்டில் வாங்கி வைத்த சிறிய மில்லிங் மெஷினை எப்படி செட் செய்வது? எந்தத் துணைக்கருவிகளை நாமே செய்துகொள்ளலாம்?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: புதுச்சேரி, வீட்டின் கீழ்த்தளம், சுமார் 60 கிலோ எடையுள்ள பெஞ்ச் மில் (மேசைமேல் வைக்கும் மில்லிங் மெஷின்), எம்.டி.3 ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு, உள்ளே மோர்ஸ் டேப்பர் 3 கூம்புத் துளை), 12 மி.மீ. டி-ஸ்லாட் (டேபிளில் போல்ட் மாட்டும் 'டி' வடிவப் பள்ளம்). மெஷினுடன் ஒரு டிரில் சக் மட்டும் வந்திருக்கிறது. என்ன வாங்குவது, என்ன செய்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று பொருளுக்குக் காசு பார்க்காதீர்கள்: நல்ல வைஸ், 0.01 மி.மீ. லீவர் டயல் (முனை அமுங்கும் அளவை முள்ளால் காட்டும் கருவி), ஈ.ஆர்.32 கோலெட் செட் (கட்டரைச் சுற்றிலும் கவ்வும் பிடிகள்). டி-நட் (டி-ஸ்லாட்டுக்குள் போகும் நட்), கிளாம்ப், ஃப்ளை கட்டர் (ஒற்றை பிட்டால் முகத்தைச் சீவும் கட்டர்), ஸ்டாப் (நகர்வை நிறுத்தும் தடுப்பு), ஆட்டோ ஃபீட் (டேபிளை மோட்டாரால் நகர்த்துவது) எல்லாம் அதே மெஷினில் செய்யக்கூடியவை. ஆனால் மெஷினை நேர்செய்யாமல் எதையும் செய்யாதீர்கள். ஸ்பிண்டிலில் இருக்கும் சாய்வு நீங்கள் செய்யும் ஒவ்வொரு துணைக்கருவியிலும் ஏறிவிடும், பிறகு தப்பு மெஷினிலா கிளாம்பிலா என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலில் மேசை. 50×50×5 ஆங்கிளில் வெல்டிங் செய்த ஸ்டாண்டு போதும், மேலே 10 மி.மீ. பிளேட். மெஷினை வைத்ததும் போல்ட்டை இறுக்காதீர்கள். மெஷினின் நான்கு காலிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். இடைவெளி உள்ள காலுக்கு அடியில் அந்த அளவு ஷிம் (மெல்லிய தகடு) வைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். இடைவெளியோடு இறுக்கினால் வார்ப்பிரும்பு பேஸ் முறுக்கிக்கொள்ளும், டேபிள் ஒரு முனையில் லூசாகவும் மறுமுனையில் இறுக்கமாகவும் ஓடும். பலர் இதைக் கிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) கோளாறு என்று நினைத்துக் கிப்பைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

கரண்ட் பக்கம் இரண்டு விஷயம்: தனி லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). கடற்கரை மணலில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் எர்த் மீட்டரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கிப் ஸ்க்ரூக்களை டேபிள் கனமாக ஓடும்வரை இறுக்கி, பிறகு எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி லாக் நட்டைப் போடுங்கள். லாக் நட் இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றும், ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் இடையிலான வெற்றாட்டம்) 0.1 முதல் 0.2 மி.மீ. இருப்பது இந்த வகை மெஷினில் சகஜம், அதை ஒழிக்கப் போராட வேண்டாம். அளவுக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்து வாருங்கள். டவுன் மில்லிங் (கட்டர் பல் நகரும் திசையிலேயே டேபிளையும் நகர்த்தி வெட்டுவது) செய்யாதீர்கள். அந்தப் பேக்லாஷ் முழுவதையும் கட்டர் ஒரே இழுப்பில் இழுத்து, பல்லை உடைத்துக்கொள்ளும்.

இனி ஸ்பிண்டிலை டேபிளுக்குச் செங்குத்தாக்குவது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டயலைப் பிடிக்க 12 மி.மீ. ராடில் குறுக்கே ஒரு பட்டையைப் பொருத்தினால் போதும். டயல் முனை ஸ்பிண்டில் மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி இருக்கட்டும், அதாவது 150 மி.மீ. வட்டம். ஸ்பிண்டிலைக் கையால்தான் சுற்ற வேண்டும், டேபிளை நகர்த்தக் கூடாது. டி-ஸ்லாட்டில் டயல் முனை விழாமலிருக்க, கிரைண்டிங் செய்த ஒரே கட்டையை முன்னும் பின்னும், இடமும் வலமும் மாற்றி வைத்து அதன்மேல் தொட்டுப் பாருங்கள். இரண்டு கட்டைகள் வைத்தால் அவற்றின் உயர வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இட வலச் சாய்வைப் பெரும்பாலான மெஷின்களில் தூணையோ ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்டையோ திருப்பிச் சரிசெய்யலாம். முன் பின் சாய்வுக்குத்தான் ஷிம் தேவை. முன்பக்கம் டயல் அதிகம் அமுங்குகிறது என்றால் தூண் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, தூணின் முன் போல்ட்டுகளுக்கு அடியில் ஷிம் போக வேண்டும். எவ்வளவு? வித்தியாசத்தை 150ஆல் வகுத்து, முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தால் பெருக்குங்கள். வித்தியாசம் 0.06, போல்ட் தூரம் 100 என்றால் 0.04 மி.மீ. ஷிம். பித்தளை ஷிம் ஷீட் கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினிய ஃபாயிலை மைக்ரோமீட்டரில் அளந்து அடுக்கிக்கொள்ளலாம், குளிர்பான டின் தகடு சுமார் 0.1 மி.மீ. வரும். காகிதம் மட்டும் வேண்டாம். முதலில் சரியாகக் காட்டும், எண்ணெய் ஊறி அமுங்கிய பிறகு பழைய கதைதான்.

எதுவரை துரத்துவது? 150 மி.மீ.க்கு 0.02 வந்தால் நிறுத்திவிடலாம். அந்தச் சாய்வில் 50 மி.மீ. கட்டர் ஓடும் தடத்தில் விழும் குழி சுமார் 3 மைக்ரான்தான். அதற்குமேல் மெனக்கெடுவது டயலுக்கு வேலை கொடுப்பது, வேலைக்கு அல்ல. போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் விடாதீர்கள், இறுக்கும்போதுதான் எல்லாம் நகரும்.

வைஸ் விஷயத்தில் டிரில் வைஸ் வாங்கி ஏமாற வேண்டாம். இறுக்கும்போது அதன் நகரும் தாடை மேலே தூக்கும், வேலையும் (பிடித்திருக்கும் உலோகத் துண்டு) கூடவே தூக்கும். சிறிய டேபிளுக்கு 73 அல்லது 75 மி.மீ. டூல்மேக்கர் வைஸ் சரியான அளவு. தாடையைக் கீழ்நோக்கி இழுக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. நிலையான தாடையில் டயலை ஓடவிட்டு, ஒரு போல்ட்டைப் பாதி இறுக்கத்திலும் மற்றதை லூசாகவும் வைத்து, மெல்லத் தட்டி நேராக்குங்கள். முனைக்கு முனை 0.01 போதும்.

வைஸில் வேலைக்கு அடியில் வைக்கும் பேரலல் செட் (ஒரே உயரமுள்ள ஜோடிப் பட்டைகள்) உடனே வாங்க வேண்டியதில்லை. ஒரே நம்பர் உள்ள இரண்டு பழைய பேரிங்குகளை நிறுத்தி வைத்தால் உயரம் ஒன்றாக இருக்கும். 6203 என்றால் வெளிவிட்டம் 40 மி.மீ., சாதாரண தரத்திலேயே சகிப்பு (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம்) சுமார் 0.01. படுக்கவைத்து அகலத்தை நம்பாதீர்கள், அகலத்தில் 0.12 வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது.

இப்போது முதல் வேலை: டி-நட். கடையில் வரும் கிளாம்பிங் செட்டில் டி-நட் உங்கள் ஸ்லாட்டுக்குப் பொருந்தாமல் போவதுதான் வழக்கம், அதனால் இதிலிருந்து தொடங்குவது லாபம். ஸ்லாட்டின் மேல் அகலம், உள் அகலம், உள் உயரம், மொத்த ஆழம் நான்கையும் உங்கள் டேபிளிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஜாப் ஷாப்களில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டைத் துண்டு எடைக்குக் கேட்டுப் பாருங்கள், 25×16 பட்டை ஓரடி போதும்.

தனித்தனித் துண்டாக அறுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யாதீர்கள். பட்டையை முழு நீளமாக வைஸில் பிடித்து இருபுறத் தோளையும் மில் செய்து, டி வடிவம் வந்த பிறகு 20 மி.மீ. நீளத்துக்கு அறுத்தெடுங்கள். கழுத்து 11.8, உடல் அகலம் ஸ்லாட்டின் உள் அகலத்தைவிட 0.5 குறைவு, மேல்முகம் டேபிள் மட்டத்துக்கு 1 மி.மீ. கீழே. நட் டேபிளுக்கு மேலே எட்டிப் பார்த்தால், அதன்மேல் வைக்கும் வேலை டேபிளில் உட்காராது.

12 ஸ்லாட்டுக்கு எம்10 வழக்கமான ஜோடி. ஆனாலும் இந்த எடை மெஷினுக்கு எம்8 போடுங்கள், மரை போடும் துளைக்கு 6.8 டிரில். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முதலில் அறுந்துபோகட்டும். டேபிளின் வார்ப்பிரும்பு உதடு உடைந்தால் அதற்கு மருந்து கிடையாது. இதே காரணத்துக்காக மரையை அடிவரை முழுதாகப் போடக் கூடாது. கீழே இரண்டு மரை குறையாக விடுங்கள், அல்லது சென்டர் பஞ்சால் கடைசி மரையை இரண்டு இடத்தில் அமுக்கிவிடுங்கள். முழு மரை போட்டால் ஸ்டட் கீழே இறங்கி ஸ்லாட்டின் தரையில் முட்டும். இறுக்க இறுக்க நட் மேலேயும் ஸ்டட் கீழேயும் தள்ள, ஜாக்கி போல உதட்டைப் பிளந்துவிடும். சிறிய மெஷின்களில் டேபிள் உடைவதற்குப் பெரிய காரணமே இதுதான்.

கிளாம்ப் 25×12 பட்டையில், 9 மி.மீ. நீள் துளையுடன். மாட்டும்போது போல்ட் வேலைக்குப் பக்கத்தில், தாங்கு கட்டை தூரத்தில்; தாங்கு கட்டை வேலையைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் கிளாம்ப் வேலையின் ஓரத்தை மட்டும் கடிக்கும், கட்டர் தொட்டதும் வேலை நழுவும்.

ஃப்ளை கட்டருக்கு லேத் வேலை வேண்டும். லேத் இல்லையென்றால் 50 மி.மீ. ராடில் 16 மி.மீ. தண்டு வைத்துக் கடைந்து தரச் சொல்லுங்கள், கோலெட்டில் நேரே பிடிக்கலாம். 8 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கான ஸ்லாட்டைச் சாய்வாக நீங்களே போடுங்கள். ஸ்லாட்டை மையத்தில் போடுவதுதான் வழக்கமான தவறு. பிட்டின் வெட்டும் முகம் மையக்கோட்டில் வர வேண்டும், ஆகவே ஸ்லாட் ஒரு பக்கம் தள்ளி விழும். பிட்டை இறுக்க இரண்டு எம்6 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ), பிட் மூக்கில் 1 மி.மீ. ஆரம், அடியில் உரசாமலிருக்க 8 முதல் 10 டிகிரி விடுப்பு.

வேகத்துக்கு ஒரே கணக்கு: 318ஐ வெட்டு வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்) பெருக்கி, கட்டரின் விட்டத்தால் (மி.மீ.) வகுக்க வேண்டும். எம்.எஸ்.ஸில் ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு 25 மீட்டர் வைத்தால், 10 மி.மீ. எண்ட்மில் (முனையிலும் பக்கத்திலும் வெட்டும் கட்டர்) சுமார் 800 சுற்று, பிட் முனை 60 மி.மீ. வட்டத்தில் சுற்றும் ஃப்ளை கட்டர் சுமார் 130. அவ்வளவு குறைந்த வேகத்தில் மோட்டார் திணறினால் ஆழத்தை 0.2க்குக் கீழே இறக்குங்கள். வேகத்தை ஏற்றினால் பிட் நீலமாகிவிடும். ஓடி முடித்த முகத்தில் வளைவுக் கோடுகள் இரு திசையிலும் வலை போலக் குறுக்கிட்டால் ஸ்பிண்டில் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

கூட வந்த டிரில் சக்கில் எண்ட்மில் பிடிக்காதீர்கள். பக்கவாட்டு அதிர்வில் சக் தன் டேப்பரிலிருந்து கழன்று, சுற்றிக்கொண்டே விழும். ஈ.ஆர். கோலெட்டை முதலில் நட்டில் கிளிக் ஆகும்வரை பொருத்தி, பிறகுதான் ஹோல்டரில் போட வேண்டும். எம்.டி.3 தானே கவ்விக்கொள்ளும் டேப்பர். கழற்ற டிரா பாரை (ஹோல்டரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்) ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு. முழுதாகக் கழற்றிவிட்டு அடித்தால் அடி மரையில் விழும்.

ஹெட் தானே கீழிறங்கும் தொல்லைக்கு, கார் டிக்கி மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் நல்ல தீர்வு. ஹெட் 15 கிலோ என்றால் 150 முதல் 200 நியூட்டன் போதும், எண் ஸ்ட்ரட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கிச்சன் கேபினட் ஸ்ட்ரட் மலிவுதான், ஆனால் அதன் ஸ்ட்ரோக் ஹெட்டின் முழு ஓட்டத்துக்கு எட்டாது. ஸ்ட்ரட் போட்டாலும் வெட்டும் முன் ஹெட் லாக்கை இறுக்குவதை விட்டுவிடக் கூடாது.

ஆட்டோ ஃபீடுக்குப் பழைய கார் வைப்பர் மோட்டார் கச்சிதம். குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று, டேபிள் ஸ்க்ரூ பிட்ச் 2 மி.மீ. என்றால் 90 மி.மீ. ஃபீட். 800 சுற்றில் ஓடும் நான்கு பல் எண்ட்மில்லுக்குப் பல்லுக்கு 0.03 வைத்தால் தேவை 96, கிட்டத்தட்ட அதேதான். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் கைச்சக்கரத்தால் பின்னோக்கிச் சுற்ற முடியாது, நடுவே கழற்றி மாட்டும் டாக் கிளட்ச் (பற்கள் கோத்து இணையும் இணைப்பு) அவசியம். பல வைப்பர் மோட்டார்களில் உடலே நெகட்டிவ். ரிவர்சுக்கு வயரை மாற்றும்போது உடல் பாசிட்டிவாகும், பவர் சப்ளையின் நெகட்டிவ் எர்த்தில் கட்டியிருந்தால் ஷார்ட் ஆகும். மோட்டாரை நைலான் புஷ் வைத்துத் தனிமைப்படுத்துங்கள். இரு முனையிலும் லிமிட் சுவிட்ச் வைக்காமல் ஓட்ட வேண்டாம்.

கடைசியாகத் துரு. புதுச்சேரியானாலும் கடலூரானாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை டேபிளைத் துடைக்காமல் விட்டால் காலையில் செம்மண் நிறம் தெரியும். தண்ணீரில் கலக்கும் கூலண்ட் வேண்டாம். கரையோர போர் தண்ணீரின் உப்பில் எண்ணெய் பிரிந்துபோகும், துருவும் சேரும். பிரஷ்ஷால் கட்டிங் ஆயில் தடவுங்கள், ஸ்லைடுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில். மூடுவதற்குப் பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள், உள்ளே வியர்த்து நிற்கும். பழைய காட்டன் வேட்டி போதும். டேபிளில் எண்ணெய் தடவிவிட்டு மூடுங்கள்.