ஜூலையில் குடும்பத்தோடு ஆரிகன் பாதையைப் பார்க்க வயோமிங் போகிறோம். ஆற்றோரம் எங்கே டென்ட் அடிக்கலாம்? எவ்வளவு நடக்க வேண்டும்?

ஆரிகன் பாதை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் வண்டிகளில் அமெரிக்காவின் மேற்குக்குப் போன வழி. முடிந்தால் ஜூலையைத் தள்ளிப்போட்டு செப்டம்பரில் போங்கள். நீங்கள் டென்வர் பக்கமிருந்து சின்னப் பிள்ளைகளோடு வார இறுதிக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் நார்த் பிளாட் ஆற்றங்கரையில் இருக்கும் கெர்ன்சி என்ற சிற்றூர்தான் சரியான இடம். ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். அங்குள்ள மாநிலப் பூங்காவில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி டென்ட் இடங்கள் உண்டு.

ஜூலை ஏன் வேண்டாம் என்றால், ஆண்டுதோறும் அந்த மாதத்தில் அணையைத் திறந்து ஏரியை வடித்துவிடுவார்கள். அடியில் தங்கிய வண்டலைக் கீழே உள்ள பாசனக் கால்வாய்களுக்கு அனுப்புவதற்காக. வண்டல் பூசிய கால்வாயில் கசிவு குறையும்; விவசாயிக்கு அது தேவை. ஆனால் ஏரி தெரியும் இடம் என்று முன்பதிவு செய்தவருக்குக் கிடைப்பது சேற்றுவெளி. அணைக்குக் கீழேயோ, ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு கலங்கி ஏறும். வடிக்கும் தேதியைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டென்ட்டைத் தண்ணீர் ஓரத்தில் போடாதீர்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கும். விடிகாலையில் மேல்துணியின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கரைக்கு மேலே உள்ள மேடு நல்லது. நிழலுக்காகக் காட்டன்வுட் மரத்தடிக்கும் போக வேண்டாம், அதன் கிளைகள் காற்றே இல்லாத நாளிலும் முறிந்து விழும். மண் மணற்பாங்காக இருந்தால் டென்ட்டோடு வரும் சின்ன முளைகள் பிடிக்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். சமவெளிக் காற்றுக்கு அதுதான் தாங்கும். தரைவிரிப்பு டென்ட் அடிப்பகுதிக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழியும் மழையை ஏந்தி உள்ளே கொண்டுவரும். இடி, ஆலங்கட்டி என்றால் டென்ட்டை விட்டுவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆற்றுநீரை எடுத்தே ஆக வேண்டுமானால் நேராக ஃபில்டரில் ஊற்றாதீர்கள், வண்டல் அடைத்துச் சில லிட்டரிலேயே நின்றுவிடும். வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டி, பிறகு ஃபில்டர். அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். இந்தப் பாதையில் போனவர்களை அதிகம் கொன்றது காலரா, குறிப்பாக 1849 முதல் 1852 வரை. முகாமிட்ட இடத்தையே கழிப்பிடமாக்கி, அதே இடத்து நீரைக் குடித்ததன் விளைவு.

இனி நடை. முழுப் பாதை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், நீங்கள் நடக்கப் போவது அதில் ஒரு துணுக்கு. ஊருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்ததும் வண்டித்தடங்கள் இருக்கின்றன. திறந்த வெளியில் வண்டிகள் புழுதிக்குப் பயந்து அகலமாகப் பரந்து போயின. இங்கே ஆற்றோரம் வழிவிடாததால் எல்லாமே ஒரே மணற்கல் மேட்டில் ஏற வேண்டியதாயிற்று. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து, பாறையில் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை பள்ளம் விழுந்திருக்கிறது. உள்ளே இறங்கி நின்றால் சுவர் ஒரு சிறுவனின் தலைக்கு மேல் போகும். நிழலே கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி. விரியன் வகையைச் சேர்ந்த, விஷமுள்ள ராட்டில் பாம்புகள் உண்டு, கண் போகாத இடுக்கில் கை போகக் கூடாது.

“அமெரிக்காவில் பார்க்க என்ன வரலாறு இருக்கிறது” என்று கீழே எழுத வருபவர்களுக்கு: வயதை வைத்து இடத்தை எடை போடாதீர்கள். இது ஆளில்லாத நிலமும் அல்ல. லகோட்டா, ஷையன், அரபஹோ பழங்குடி மக்களின் மண். சற்றுக் கிழக்கே லாரமி கோட்டையில் 1868இல் பழங்குடிகளோடு கையெழுத்தான ஒப்பந்தத்தை அமெரிக்க அரசே மீறியது. “முன்னோடிகள்” என்ற சொல்லை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதிக்கதைதான் போய்ச் சேரும்.

வண்டித்தடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ரெஜிஸ்டர் கிளிஃப். பயணிகள் பெயரும் ஆண்டும் செதுக்கிய செங்குத்துப் பாறை. பலவும் 1840கள், 50களைச் சேர்ந்தவை. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். நேற்று வந்தவர்கள் சாவியால் தங்கள் பெயரைக் கீறி, அடியில் இருந்த பெயரை அழித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு பகுதிக்குக் கம்பிவேலி. அந்தக் கல் அவ்வளவு மிருது. விரலால் தடவினாலே மணல் உதிரும். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியவில்லையே என்று கிட்டே போவதும் வேண்டாம். சாய்வாக வெயில் விழும் நேரத்தில் போனால் வேலிக்கு வெளியே நின்றே படிக்கலாம்.